செந்துறைக்கு வந்த சிறுத்தை எந்தக் கணக்கில்?

2024 ஏப்ரல் தொடக்கம். மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் ஊரே பரபரப்பாக இருந்த நேரத்தில், மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் இருந்த கண்காணிப்பு கேமராவில் ஒரு சிறுத்தை பதிவானது. வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் காவிரிப் படுகையில் சிறுத்தையா என்று பலரும் முதலில் நம்பவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வனத் துறையினர் கூண்டு வைத்தார்கள், தானியங்கி கேமராக்களைக் கட்டினார்கள், மேற்கு மலைகளில் பழகிய ஆட்களை வரவழைத்தார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அரியலூர் மாவட்டம் செந்துறையில், அரசு மருத்துவமனைப் பக்கம் சிறுத்தை நடமாடியது. மயிலாடுதுறையில் தென்பட்டதுதான் இங்கே வந்திருக்கிறது என்று பரவலாகக் கருதப்பட்டது. அங்கேயும் தேடினார்கள். கூண்டில் சிக்காமலே அது செய்தியிலிருந்து மறைந்துபோனது.

செந்துறையின் முந்திரிக் காடுகளுக்கு வடக்கே வெள்ளாறு ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் பெண்ணாடம், திட்டக்குடி. அதற்கும் வடக்கே, பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கில், வேப்பூர். செந்துறையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு வேப்பூரின் அடையாளம். வியாபாரிகளுக்கு அது ஆட்டுச் சந்தை. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் கூடும் சந்தைகளில் பல மாவட்டத்து ஆடுகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லை, கரும்பு, இடையிடையே காப்புக்காடு. கோடையில் அந்தக் காட்டு மான்கள் தண்ணீர் தேடிச் சாலைக்கு வந்து வாகனத்தில் அடிபடுவது உள்ளூர்ச் செய்திப் பக்கத்தின் வழக்கமான துணுக்கு.

அதாவது, ஒரு சிறுத்தைக்கு வேண்டியது எல்லாம் இங்கே இருக்கிறது: ஆள் உயரப் பயிர், ஆடு, தெருநாய், மான், ஒதுங்கப் புதர். ஆனால், நாட்டின் சிறுத்தைக் கணக்கில் இந்த வட்டாரம் இல்லை.

அந்தக் கணக்கு 2024 பிப்ரவரி 29 அன்று வெளியானது. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள். 2018-இல் 12,852 ஆக இருந்தது. மத்தியப் பிரதேசம் 3,907 சிறுத்தைகளோடு முதலிடத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரம் 1,985, கர்நாடகம் 1,879, தமிழ்நாடு 1,070. நான்கு ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டின் எண் 868. கூடியது நமக்குப் பெருமை என்று அன்றைக்கே செய்திகள் வந்தன. அதே காலத்தில் கேரளம் 650-இலிருந்து 570-க்கு இறங்கியது. ஒடிஷா 760-இலிருந்து 568-க்கு. உத்தராகண்ட் 839-இலிருந்து 652-க்கு. ஒரே மலைத்தொடரின் ஒரு பக்கம் தமிழ்நாட்டில் ஏறி, மறுபக்கம் கேரளத்தில் இறங்கியது ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மலையைக் கடந்து போகும் விலங்குக்கு மாநில எல்லை தெரியாது.

கணக்கெடுப்பு நடந்த விதத்தைக் குறைசொல்ல முடியாது. 32,803 இடங்களில் தானியங்கி கேமராக்கள் பொருத்தப்பட்டன. 4.7 கோடிக்கும் மேலான படங்கள் சேர்ந்தன. அவற்றில் சிறுத்தை விழுந்தவை 85,488. காவலர்கள் கால்தடமும் எச்சமும் தேடி நடந்த தூரம் 6.4 லட்சம் கி.மீ. இவ்வளவு பெரிய காட்டுயிர்க் கணக்கெடுப்பு உலகில் வேறெங்கும் நடப்பதில்லை. ஆனால், இது புலிக்காக வகுத்த வேலைத்திட்டம். சிறுத்தை அதோடு சேர்த்து எண்ணப்படுகிறது. புலி இருக்கும் 18 மாநிலங்களின் காடுகளே களம். சிறுத்தை வாழக்கூடிய இடங்களில் சுமார் 70 சதவீதம்தான் இதில் அடங்கியது என்று அறிக்கையே சொல்கிறது. தேயிலை, காபித் தோட்டங்கள், விளைநிலங்கள், வறண்ட பகுதிகள், இமயத்தின் உயர்ந்த சரிவுகள், வடகிழக்கின் பெரும்பகுதி ஆகியவை விடுபட்டன. செந்துறைச் சிறுத்தை அந்த விடுபட்ட பக்கத்தைச் சேர்ந்தது.

இந்தக் குழப்பம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பூமியின் மறுபக்கத்தில், சிறுத்தையைப் போலவே புள்ளிப் பட்டை போர்த்திய ஜாகுவாரின் கதையைப் பார்த்தால் நம் கதை இன்னும் தெளிவாகப் புரியும்.

ஜாகுவார் அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பூனை. சிறுத்தையைவிடக் கனத்த உடல், பெரிய தலை. அகன்ற தாடையால் முதலையின் மண்டையைக் கடித்தே கொன்றுவிடும். இரண்டையும் படத்தில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சிறுத்தையின் உடலில் கரும்புள்ளிகள் கூடி வளையம் வளையமாக இருக்கும். வளையத்தின் நடு வெறுமையாக இருக்கும். ஜாகுவாரின் வளையங்கள் பெரியவை. உள்ளே ஒன்றிரண்டு பொட்டு இருக்கும். இந்த வளையக் கோலம் ஒரு விலங்குக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. இடப்பக்கக் கோலம் வேறு, வலப்பக்கம் வேறு. அதனால்தான் காட்டுப் பாதையின் இரு புறமும் எதிரெதிரே கேமரா கட்டுகிறார்கள். விலா, தொடை, வால் அடி என்று படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒரே விலங்கு எத்தனை முறை வந்தது, புதிதாக எத்தனை வந்தன என்று பார்த்தால், கேமராவில் சிக்காதவை எத்தனை இருக்கக்கூடும் என்று கணிதத்தால் மதிப்பிடலாம். புலிகளுக்காக இந்த முறையை 1990-களில் நாகரஹொளே காட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கர்நாடகத்தின் உல்லாஸ் காரந்த். அதே முறையைத்தான் பின்னர் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஜாகுவாருக்குப் பயன்படுத்தினார்கள். இந்தக் கலையில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல.

கேமரா இருந்தும் எண் தடுமாறும். மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே கருஞ்சிறுத்தைகள். சாதாரணப் படத்தில் கரிய உருவம் மட்டும் தெரியும். எது எந்தச் சிறுத்தை என்று பிரிக்க வழியில்லை. கேமராவின் ஒளி உணரியை மறைத்துப் பகலிலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படமெடுக்க வைத்தபோது, கருப்புக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் பளிச்சென்று வந்தன. திரெங்கானு மாநிலக் காட்டில் நடந்த அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதுவரை அங்கே ஆள்கணக்கு எடுக்கவே முடியாமல் இருந்தது.

ஜாகுவார்கள் மொத்தம் எத்தனை? ஓர் ஆய்வுக் குழு ஏறத்தாழ 64,000 என்றது. இன்னொரு குழு 1,73,000 என்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த ஆய்வுகள். இரண்டும் தேர்ந்த அறிவியலாளர்கள் செய்தவை. அமேசான் காடு அவ்வளவு பெரியது. சில இடங்களில் எண்ணியதை வைத்து எண்ணாத இடங்களுக்கு நீட்டும்போது, எடுத்துக்கொள்ளும் அனுமானம் கொஞ்சம் மாறினாலும் விடை பல மடங்கு மாறிவிடும். ஆனால், ஒரு செய்தியில் ஐயமில்லை: உலகின் ஜாகுவார்களில் பாதிக்குக் குறையாமல் பிரேசிலில் இருக்கின்றன. 64,000 என்று சொன்ன ஆய்வு அவற்றை 34 கூட்டங்களாகப் பிரித்தது. அவற்றில் அமேசான் கூட்டம் ஒன்றுதான் பத்திரமாக இருக்கிறது; மீதி 33-உம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. மொத்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இந்த 33-ஐப் பார்க்கத் தவறிவிடுவார்கள்.

நாட்டுக்கு நாடு வித்தியாசம் மலைக்க வைக்கிறது. எல் சால்வடோரிலும் உருகுவேயிலும் ஜாகுவார் அடியோடு அழிந்துவிட்டது. அர்ஜென்டினாவில் 250-க்கும் குறைவு. அமெரிக்காவில் கடைசிப் பெண் ஜாகுவார் 1963-இல் அரிசோனாவில் சுடப்பட்டது. அதன் பிறகு மெக்சிகோவிலிருந்து எப்போதாவது ஓர் ஆண் ஜாகுவார் எல்லை தாண்டி வரும். ‘எல் ஹெஃபே’ என்று பெயரிடப்பட்ட ஒன்று 2011 முதல் 2015 வரை அரிசோனா மலைகளில் படம்பிடிக்கப்பட்டது. பிறகு காணாமல்போய், 2021-இல் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் கேமராவில் விழுந்தது. புள்ளிக் கோலத்தை ஒப்பிட்டுத்தான் அதே விலங்கு என்று உறுதிசெய்தார்கள். எல்லையில் எழும் இரும்புச் சுவர் இப்படிப்பட்ட பயணத்தைக் கடினமாக்கும்.

மெக்சிகோ வேறு திசையில் போகிறது. 2010-இல் அங்கே முதல் தேசியக் கணக்கெடுப்பு சுமார் 4,000 என்றது. 2018-இல் 4,800. 2024-இல் 5,326. காட்டை மட்டும் காத்ததால் இது நடக்கவில்லை. வேட்டை விலங்கு அடித்த மாட்டுக்கு இழப்பீடு தரும் காப்பீட்டு ஏற்பாடு அங்கே கால்நடை வளர்ப்போர் அமைப்பு வழியாகவே நடக்கிறது. மாட்டுக்காரரைக் காவலராக மாற்ற முடியாவிட்டாலும், எதிரியாக்காமல் இருக்க முடியும் என்று அந்நாடு காட்டியிருக்கிறது.

உருகுவே ஏன் இழந்தது? அது மனிதர் நெருங்கி வாழும் நாடு அல்ல. மக்கள்தொகை சுமார் 34 லட்சம். மாடுகள் ஒரு கோடிக்கும் மேல். மேய்ச்சல் நிலம் பெருகியது, மாட்டைக் காக்க ஜாகுவாரைச் சுட்டார்கள், நூறாண்டுக்கு முன்பே கதை முடிந்தது. ஆள் நெருக்கம்தான் பெரும்பூனையை அழிக்கும் என்றால் உருகுவேயில் அது பிழைத்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் அகோலேயில் சிறுத்தை இருக்கவே கூடாது.

அகோலே, முன்பு அகமதுநகர் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்துப் பள்ளத்தாக்கு. கரும்பும் காய்கறியும் விளையும் ஊர், சதுர கி.மீ.க்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். வித்யா ஆத்ரேயா குழுவினர் அங்கே கேமரா வைத்தபோது, 100 சதுர கி.மீ.க்கு ஐந்து அளவில் வளர்ந்த சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. பல சரணாலயங்களுக்கு இணையான அடர்த்தி. சிறுத்தையின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த மயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உணவின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். அதில் நாய் மட்டும் 39 சதவீதம். ஆட்டைவிட நாயே அதிகம். வீட்டு வாசலில் நாய் காணாமல்போனால் யாரும் வனத் துறைக்கு மனு எழுதுவதில்லை. ஒரே ஊரில் மனிதரும் சிறுத்தையும் பெரிய சச்சரவில்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜாகுவாருக்கு இப்படிப் பிழைக்கத் தெரியாது. அதற்குப் பெரிய இரையும் நீர்நிலையும் வேண்டும். சிறுத்தைக்கு ஒரு கரும்புக் கொல்லை போதும். ஆகவே, இந்தியாவின் சாதனை முழுக்க இந்தியர்களுடையது அல்ல. பாதி சிறுத்தையின் இயல்புக்கே சேரும்.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1875-க்கும் 1925-க்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுத்தைகள், பெரும்பாலும் அரசு தந்த வெகுமதிக்காக, கொல்லப்பட்டன. அப்படியும் சிறுத்தை பிழைத்தது. ஜாகுவாருக்கு அந்தக் கெட்ட காலம் 1960-களில் வந்தது. தோல் கோட்டு மோகத்தில் 1968 என்ற ஒரே ஆண்டில் அமெரிக்கா இறக்குமதி செய்த ஜாகுவார்த் தோல்கள் 13,516. 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இங்கேயும், 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வணிகத் தடை உலகம் முழுவதும் துப்பாக்கியைத் தாழ்த்தின. சட்டம் விலங்கை மீட்டது என்பது உண்மை. மீட்ட பிறகு அதோடு வாழ வேண்டியவர்களுக்குச் சட்டம் என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை.

அந்தக் கேள்வி தமிழர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஊர்மக்கள் அதை அடித்தே கொன்றார்கள். அந்தக் காணொளி பரவியதும் இலங்கை முழுவதும் கண்டனம் எழுந்தது. 2020 மே மாதம், மலையகத்தில் நல்லதண்ணி பகுதித் தேயிலைத் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டியது. மீட்டுக் கொண்டுபோன சில நாளில் இறந்தது. அந்தக் கம்பி சிறுத்தைக்கு வைத்ததல்ல. மலையகத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைப்பது. இலங்கை முழுவதும் முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செய்த மதிப்பீடு. யால, வில்பத்து தேசியப் பூங்காக்களில் ஜீப் நிறையப் பயணிகள் சிறுத்தை பார்க்கப் போகிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சிறுத்தை யாருக்கும் வருமானம் தருவதில்லை. சுருக்கு வைத்தவரைச் சிறையில் தள்ளலாம். சுருக்கு வைக்கத் தேவையில்லாத வாழ்வை அவருக்குக் கொடுப்பதுதான் கடினமான வேலை, அதை யாரும் தொடங்கவில்லை.

பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்திலும் இதே கோணல் இருக்கிறது. அங்கே போர்ட்டோ ஜோஃப்ரே பகுதியில் ஜாகுவார் பார்க்க வரும் சுற்றுலா ஆண்டுக்கு 68 லட்சம் டாலர் ஈட்டுகிறது. அதே வட்டாரத்தில் ஜாகுவார் அடித்த மாடுகளின் மதிப்பு 1.2 லட்சம் டாலர்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஐம்பதில் ஒரு பங்கைக்கூட எடுத்துக் கொடுத்தால் மாட்டுக்காரரின் இழப்பு தீர்ந்துவிடும். படகும் விடுதியும் வைத்திருப்பவர் ஒருவர், மாட்டை இழப்பவர் இன்னொருவர் என்பதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் இழப்பு மாட்டோடும் ஆட்டோடும் நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2024 ஜனவரியில் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறையில் இன்னொரு சிறுமி. இரண்டு குடும்பமும் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவை. குடியிருப்பின் வாசலிலேயே தேயிலைப் புதர், வாசலில் விளக்கு இல்லை, ஒதுங்க வெளியே போக வேண்டும் என்ற நிலையில் தோட்டத் தொழிலாளர்கள் பலர் வாழ்கிறார்கள். சிறுத்தையை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் குழந்தைகளின் மரணத்தை அடிக்குறிப்பாக்கினால், அந்த ஆதரவுக்கு எந்த மதிப்பும் இல்லை. வாசலில் ஒரு விளக்கும், வீட்டோடு ஒரு கழிப்பறையும், வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டிய வெளியும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் செலவில் சேர வேண்டியவை.

மறுபக்கம், பயந்துபோய்ச் செய்யும் காரியம் பயத்தைப் பெருக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் 2001 முதல் 2003 வரை, வயலில் தென்பட்ட சிறுத்தைகளையெல்லாம் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்கு சராசரியாக நான்கு பேரைத் தாக்கிவந்த சிறுத்தைகள், அந்த இடமாற்றத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 17 பேரைத் தாக்கின. விட்ட இடத்திலும் தாக்குதல் தொடங்கியது. பழக்கமில்லாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட விலங்கு திரும்பி வர முயலும். காலியான இடத்துக்கு ஊரின் வழக்கம் அறியாத இளஞ்சிறுத்தை குடிவரும். அண்மைக் காலத்தில் அதே வட்டாரக் கரும்புக் காடுகளில் உயிரிழப்புகள் கூடி, மக்கள் சாலை மறியலில் இறங்கும் நிலை வந்துவிட்டது. அகோலேயின் அமைதியை மட்டும் காட்டி ஜுன்னரை மறைக்கிறவர்கள் மக்களின் நம்பிக்கையை இழப்பார்கள்.

சிறுத்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அதே மாநிலத்திலிருந்து ஒரு சான்று. 2009-இல் கிணற்றில் விழுந்த வயதான ஆண் சிறுத்தை ஒன்றை மீட்டு, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி, மால்ஷேஜ் கணவாய்ப் பகுதியில் விட்டார்கள். ‘ஆஜோபா’ என்று அதற்குப் பெயர். சில வாரங்களில் சுமார் 120 கி.மீ. நடந்து, மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, கழிமுகத்தை நீந்தி, மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காப் பகுதியை அடைந்தது. வழியில் ஒருவரையும் அது தொடவில்லை. அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 2011-இல் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது.

மயிலாடுதுறைக்கு ஒரு சிறுத்தை எப்படி வந்தது என்ற வியப்புக்கு ஆஜோபாவின் பாதை ஒரு விடை. தாயைப் பிரிந்த இளம் ஆண் சிறுத்தை தனக்கென்று ஓர் இடம் தேடிப் பல மாவட்டம் தாண்டும். வேப்பூருக்கு மேற்கே கல்வராயன் மலை, தென்மேற்கே பச்சைமலை. அங்கிருந்து இறங்கினால் ஆற்றங்கரை, ஓடைப் புதர், காப்புக்காடு, முந்திரி, மக்காச்சோளம் என்று இரவு நடைக்கு மறைவு தொடர்ந்து கிடைக்கும். குறுக்கே நிற்கும் பெரிய ஆபத்து சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான். மானுக்கே தாண்ட வழியில்லாத அந்தச் சாலையில் சிறுத்தை அடிபட்டுக் கிடந்தால்தான் அது இங்கே வந்ததே தெரியவரும் என்ற நிலை நல்லதல்ல.

அர்ஜென்டினாவும் பிரேசிலும் சேர்ந்து செய்த வேலை இங்கே வழிகாட்டலாம். இகுவாசு அருவியைச் சுற்றிய காடு இரண்டு நாட்டுக்கும் பொது. 2005 வாக்கில் அங்கே ஜாகுவார்கள் சுமார் 40 என்ற அளவுக்குக் குறைந்திருந்தன. இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே நேரத்தில், ஒரே முறையில், எல்லையின் இரு பக்கமும் கேமரா வைத்தார்கள். மாட்டுக்காரர்களோடு பேசினார்கள், வேட்டையைத் தடுத்தார்கள். 2018-இல் எண் 105. அதே அர்ஜென்டினாவின் இபேரா சதுப்புநிலத்தில், 70 ஆண்டாக ஜாகுவாரே இல்லாதிருந்த இடத்தில், 2021 ஜனவரியில் ஒரு தாயையும் இரு குட்டிகளையும் திறந்துவிட்டார்கள். அழிந்த இடத்தில் மீண்டும் கொண்டுவர அவர்கள் பட்ட பாடும் செலவும் பெரிது. தானாக நடந்து வரும் விலங்கை வைத்திருக்கும் நாம் அதன் பாதையை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

இந்தியா 2023 ஏப்ரலில் மைசூரில் பன்னாட்டுப் பெரும்பூனைக் கூட்டமைப்பைத் தொடங்கியது. புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிவிங்கிப்புலி, ஜாகுவார், பூமா ஆகிய ஏழையும் காப்பது அதன் நோக்கம். ஐந்தாண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 பிப்ரவரி 29 அன்று. சிறுத்தைக் கணக்கு வெளியானதும் அதே நாள். ஜாகுவாரைக் காக்கக் கைகொடுப்பது நல்ல காரியம். மெக்சிகோவின் மாட்டுக் காப்பீட்டையும் இகுவாசுவின் கூட்டுக் கணக்கெடுப்பையும் அந்தக் கூட்டமைப்பு வழியாக இங்கே கொண்டுவந்தால் அந்தப் பணத்துக்கு இன்னும் பொருள் இருக்கும்.

தமிழ்நாட்டு வனத் துறையிடம் கேட்பது பெரிதல்ல. தேசியக் கணக்கெடுப்பு நான்காண்டுக்கு ஒரு முறை புலிக்காட்டில் நடக்கட்டும். அதற்கு வெளியே, கடலூர், அரியலூர், பெரம்பலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் காப்புக்காடுகளில், கோடைதோறும் சில கேமராக்களாவது ஓட வேண்டும். நான்கு மாவட்டத்துக்கும் ஒரே முறை, ஒரே படத்தொகுப்பு. செந்துறையில் பதிவாகும் சிறுத்தையின் விலாக்கோலத்தை மேற்கு மலைப் படங்களோடு ஒப்பிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. நெடுஞ்சாலையில் வேப்பூர்க் காப்புக்காடுகளை ஒட்டிய பகுதியில் விலங்கு கடக்கும் வழியும் வேகத்தடையும் வந்தால் முதலில் பிழைப்பது மான்தான்.

ஆடு வளர்ப்பவருக்கான ஏற்பாடு அதைவிட அவசரம். மலையடிவார ஊர்களில் ஆடு அடிபட்டால் யாரிடம் போக வேண்டும் என்றாவது தெரியும். சமவெளியில் பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால் நாயா, நரியா, சிறுத்தையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வருவதற்குள் உடல் அழுகிவிடும். கால்நடை மருத்துவரின் சான்றும் வனவரின் ஆய்வும் இல்லாமல் இழப்பீடு கிடைக்காது. நாலு ஆடு வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு ஆடு போனால் அந்த ஆண்டுப் பள்ளிக் கட்டணம் போனது போலத்தான். ஒரே நாளில் வந்து பார்த்து, ஒரே வாரத்தில் சந்தை விலையைக் கையில் கொடுத்தால், அடுத்த முறை அவர் தகவல் சொல்ல வனத் துறையை அழைப்பார். கொடுக்காவிட்டால் செத்த ஆட்டின் உடலில் விஷம் தடவ யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

வேப்பூர் வட்டாரத்து வாசகருக்கும் ஒரு வார்த்தை. சிறுத்தை தென்பட்டதாகத் தகவல் வந்தால் கூட்டம் கூட்டி விரட்ட வேண்டாம். சுற்றி வளைக்கப்பட்ட சிறுத்தைதான் பாயும். வாட்ஸ்அப்பில் வரும் பழைய வட இந்தியக் காணொளியை உங்கள் ஊர்ப் பெயர் போட்டு அனுப்ப வேண்டாம். இரவில் ஆட்டைத் திறந்த வெளியில் கட்டாமல், மேலே வலை போட்ட கொட்டகையில் அடையுங்கள். குழந்தைகளை இருட்டில் தனியே அனுப்பாதீர்கள். கால்தடம் கண்டால் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அலுவலர் வராவிட்டால் ஊராட்சித் தலைவரோடு போய்க் கேளுங்கள். வந்து பார்ப்பது அவர்கள் கடமை, இழப்பீடு உங்கள் உரிமை.